ஒன்றரை மீட்டருக்குச் சரியான லென்ஸ்

இரண்டு வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். போதும்.

செய்தி வந்தபோது பொன்னேரி ஸ்டேஷனில் நின்றிருந்தேன். கும்மிடிப்பூண்டி வண்டி தாமதம் என்று அறிவித்துக்கொண்டிருந்தார்கள். நம் ஃபிலிம் கேமரா குழுவில் கோபி நாலு வரி போட்டிருந்தார். ஸ்டாண்டர்ட்ஸ் ரூம் எஸ்தர் காலை ஷிப்டுக்குக் கிளம்பும்போது நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தாராம். ஆரம்பாக்கத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கு வரும் வழியிலேயே போய்விட்டார். நாற்பத்தெட்டு வயது. நான் படித்து முடிப்பதற்குள் கீழே ஒன்பது பேர் கும்பிட்ட கைகளைப் போட்டுவிட்டார்கள். நான் எதுவும் போடவில்லை. வண்டி வந்தது, ஏறாமல் நின்றேன். முந்தின நாள் மதியம் கேன்டீனில் அவர் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு இடம் தேடியபோது, எனக்கு எதிரில் காலியாக இருந்த நாற்காலியில் என் பையைத் தூக்கி வைத்தேன். நான் அவருக்குக் கடைசியாகச் செய்தது அதுதான்.

அன்றிலிருந்து நம் பக்கத்தில் அஞ்சலிகள் வந்துகொண்டிருக்கின்றன. எல்லாவற்றையும் படித்தேன். சிரித்த முகம், கிறிஸ்துமஸ் கேக், யார் வீட்டு விசேஷம் என்றாலும் முதல் ஆள். எல்லாம் உண்மை. ஆனால் ஒரு விஷயம் வேறு வேறு சொற்களில் திரும்பத் திரும்ப வருகிறது. "லென்ஸ் வேலை அவங்களுக்குக் கைவரலைன்னாலும் மனசு தங்கம்" என்று கோபி எழுதியிருக்கிறார். "அந்த ஒரு தப்பை நாம யாருமே பெருசா எடுத்துக்கலை" என்று இன்னொருவர். செத்துப்போன பெண்ணைப் பெருந்தன்மையாக மன்னித்திருக்கிறீர்கள். மன்னிப்பதற்கு அங்கே ஒன்றும் கிடையாது. அந்தத் தப்பை எஸ்தர் செய்யவில்லை. செய்தது நான்.

குழுவில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டும். நாங்கள் தொழிற்பேட்டையில் வேலை செய்துகொண்டே ஃபிலிம் கேமராவைக் கட்டிக்கொண்டு அழுகிற பதினோரு பேர். எஸ்தரிடம் கேமரா கிடையாது. படம் எடுப்பதில் ஆர்வமும் இல்லை. நம் லென்ஸ்களைச் சரிபார்த்துத் தருவார் என்று நான்தான் அவரைக் குழுவில் சேர்த்தேன். அவரும் நானும் ஒரே தொழிற்சாலை. வார்ப்பு இரும்பு உதிரி பாகங்கள் செய்யும் இடம். ஷாப்பில், அதாவது இயந்திரக்கூடத்தில், நூறு பேர் கையில் தடிமன் அளக்கும் மைக்ரோமீட்டர் இருக்கிறது. ஸ்டாண்டர்ட்ஸ் ரூமில் உட்கார்ந்து, அந்த மைக்ரோமீட்டர் உண்மை சொல்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவர் எஸ்தர். பாலிடெக்னிக் டிப்ளமா. அவருடைய அப்பா அம்மா ஆரம்பாக்கத்தில் அடுத்தவர் வயலில் நடவு நட்டவர்கள். நான் இயற்பியலில் முதுகலை. இந்த வித்தியாசத்தை நான் ஒருநாளும் மறந்ததில்லை. அவர் நினைத்துப் பார்த்ததே இல்லை.

முதல்முறை அவர் அறைக்குப் போனது அளவு பார்க்கும் கேஜ் ஒன்றைச் சரிபார்க்க. எனக்கு அவசரம். சட்டைப்பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தேன். அவர் தொடக்கூட இல்லை.

"ஒரு மணி நேரம் கயிச்சி வாங்க சார்."

"ரெண்டு நிமிஷ வேலை."

"சாமான் இன்னும் உங்க பாக்கெட்டு சூட்டுலயே இருக்குது. ரூமுக்கு வரட்டும்."

"எனக்கும் ஃபிசிக்ஸ் தெரியும். அந்தச் சூட்டுக்கு எவ்வளவு விரியும்னு கணக்குப் போட்டே சொல்லிடட்டுமா?"

"சொல்லுங்க, கேட்டுக்கினு இருக்கேன். அதுக்குள்ள ஒரு மணி நேரம் ஆயிடும்."

கணக்கைச் சொன்னேன். சரியாகத்தான் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "கரெக்ட்டு சார்" என்றார். ஆனாலும் கேஜைத் தொடவில்லை. அந்த ஒரு மணி நேரமும் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். தொழிற்சாலையில் எனக்கு உட்கார இடம் கொடுத்த ஒரே அறை அது என்று பிறகு தெரிந்தது.

என்னோடு பழகுவது சுலபம் இல்லை என்று உங்களுக்குத் தெரியும். அந்த வருடம்தான் என்னைவிட ஆறு வயது இளையவரை, நான் வேலை பார்க்கும் தரக்கட்டுப்பாட்டுக்குத் தலைவராகப் போட்டார்கள். அது எனக்கு வர வேண்டிய இடம். இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன். அதைப் பற்றி எஸ்தரிடம் எத்தனை மதியம் பேசியிருப்பேன் என்று கணக்கில்லை. அவர் ஆமாம் போடவும் மாட்டார், மறுக்கவும் மாட்டார். "சொல்லிக்கினே சாப்புடுங்க சார், ஆறிப்போவுது" என்பார்.

பொன்னேரியில் துணிக்கடை வைத்திருக்கும் ரஹீம் பாய், பழவேற்காட்டில் இருந்த தன் அப்பாவின் கேமராவை எனக்கு விற்றார். ரேஞ்ச்ஃபைண்டர். இந்த வகைக் கேமராவில் லென்ஸ் வழியாக நாம் பார்ப்பதில்லை. பக்கத்தில் தனியாக ஒரு ஜன்னல் இருக்கும். அதில் எதிரே இருப்பவர் இரண்டு பிம்பமாகத் தெரிவார். லென்ஸைத் திருப்பத் திருப்ப இரண்டும் நகர்ந்து ஒன்றாகும். ஒன்றானால் ஃபோகஸ் சரி. எஸ்தரிடம் கொண்டுபோய் மேல்மூடியைக் கழற்றிக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார்.

"அப்போ இந்த ஜன்னலு லென்சுல இன்னா தெரியுதுன்னு பாக்குறதே இல்லியா?"

"இல்லை. லென்ஸ் பின்னாடி ஒரு லீவரைத் தள்ளும். அது தள்ளுற அளவை வெச்சு ஜன்னல் தூரத்தை முடிவு பண்ணும்."

"லென்சு இன்னா சொல்லுதோ அத நம்பிக்கினு இருக்குது. பாவம்."

லென்ஸ் தப்பான அளவைத் தள்ளினால் ஜன்னலுக்குத் தெரியாது. படம் எடுப்பவனுக்கும் தெரியாது. ஃபிலிமைக் கழுவின பிறகுதான் தெரியும். இதை எஸ்தர் பத்து நிமிடத்தில் பிடித்துக்கொண்டார். கோபிக்குப் புரியவைக்க எனக்கு ஒரு வருடம் ஆயிற்று.

அப்போதுதான் என் மகள் நிவேதாவின் கல்யாணம் நிச்சயமானது. நானும் அவள் அம்மாவும் பிரிந்து வெகுகாலம் ஆகிறது. அவள் அம்மா வீட்டில் வளர்ந்தவள். பத்திரிகை தபாலில் வந்தது. பிறகு அவளே ஃபோன் செய்து, "அப்பா, நீங்க கண்டிப்பா வரணும்" என்றாள். கல்யாண வேலைகளில் எனக்கு ஒன்றும் இல்லை. மாமன்மார் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டார்கள். நான் ஒன்றே ஒன்று நினைத்தேன். மணப்பெண்ணாக அவள் முகத்தை ஒரு படம் எடுத்து அவளுக்குக் கொடுக்க வேண்டும். ஒரே ஒரு நல்ல படம்.

கேமராவோடு வந்த ஐம்பது மில்லிமீட்டர் லென்ஸால் முகத்தை நிறைத்து எடுத்தால் மூக்கு பெரிதாகிவிடும். அதைவிடக் கொஞ்சம் நீளமான லென்ஸ் வேண்டும். நூற்று முப்பத்தைந்து வரை போனால் இந்தச் சின்ன ஜன்னலால் தூரத்தைத் துல்லியமாகப் பிடிக்க முடியாது. ஆகவே எண்பத்தைந்துக்கும் நூறுக்கும் நடுவில், என் சம்பளத்துக்குள். ஆறு வாரம் மதிய சாப்பாட்டு வேளையில் எஸ்தரும் நானும் வேறு எதையும் பேசவில்லை. எனக்கு வாய்த்த சந்தோஷமான வாரங்கள் என்றால் அவைதான்.

மூன்று லென்ஸ்கள் தேறின. ஒன்று ஜப்பானிய நூறு. கைக்குள் அடங்கும், வேலைப்பாடு கச்சிதம். ஆனால் கிடைத்ததெல்லாம் உள்ளே பூஞ்சை பிடித்தவை. இரண்டாவது பழைய ஜெர்மன் தொண்ணூறு. ஜெர்மன் என்றாலும் மலிவு, ஏனென்றால் வெளிச்சம் குறைவாக வாங்கும். அதனால் யாருக்கும் வேண்டாதது. மூன்றாவது ரஷ்ய எண்பத்தைந்து. அதுவும் மலிவு. ஜெர்மன்காரனைவிட நாலு மடங்கு வெளிச்சம். குறை என்னவென்றால், ரஷ்யர்கள் அந்தக் காலத்தில் வேறொரு அளவை வைத்து லென்ஸ் செய்தார்கள். மரை பொருந்தும், கேமராவில் உட்காரும், ஆனால் ஜன்னலிடம் கொஞ்சம் தப்பான தூரத்தைச் சொல்லும்.

எஸ்தர் தயங்கவே இல்லை. "ஜெர்மன்காரன வாங்குங்க. வெளிச்சம் கம்மிதான். ஆனா எந்த தூரத்துல கேட்டாலும் ஒயுங்கா பதில் சொல்லுவான்."

நான் ரஷ்ய லென்ஸை வாங்கினேன். நாலு மடங்கு வெளிச்சம் என்பதை என்னால் விட முடியவில்லை. அதோடு, கோபி பிறந்தநாளுக்கு வாங்கிய லென்ஸும் அதே அளவு வெளிச்சம் வாங்குவது. நான் ஏதோ இளைத்தவன் என்பதுபோல் அவர் எனக்கு ஆலோசனை சொல்லிக்கொண்டிருந்தார். காரணம் இவ்வளவு அற்பமானதுதான். பெட்டியோடு கொண்டுபோய் எஸ்தர் முன்னால் வைத்தேன்.

"இன்னா சார் இது, ஆறு வாரம் பேசிக்கினு இருந்துட்டு?"

"மண்டபத்துல வெளிச்சம் இருக்காது எஸ்தர்."

"வெளிச்சம் இல்லன்னா ஒரு லைட்ட புடிச்சிக்கலாம். பொய்ய இன்னாத்த வச்சிப் புடிக்கிறது?"

ஆனாலும் லென்ஸை வாங்கிக்கொண்டார். திட்டினபடியே வாங்கிக்கொள்வது அவர் வழக்கம். இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டு ஒரு வெள்ளைத்தாளில் படம் போட்டுக் காட்டினார். லென்ஸின் கண்ணாடித் தொகுதிக்கும் அதன் குழலுக்கும் நடுவில் மெல்லிய பித்தளை வாஷர் ஒன்று வைத்தால் அந்தத் தப்பை ஈடுகட்டலாம். ஆனால் ஒரு தூரத்துக்குத்தான். கிட்டத்தில் சரிசெய்தால் எட்டத்தில் தப்பும். எட்டத்தில் சரிசெய்தால் கிட்டத்தில் தப்பும். "ரெண்டு எடத்துலயும் நல்ல பேரு வாங்க முடியாது, இந்த லென்சால" என்றார்.

"எவ்ளோ தூரத்துல நிப்பீங்க?"

"ஒன்றரை மீட்டர். முகம் மட்டும்."

அவர் எழுதிக்கொள்ளவில்லை. என்னைப் பார்த்தார். "நெஜமா கிட்ட போவீங்களா சார்? மேடையில அவங்க மாமனுங்க எல்லாம் இருப்பாங்க. மூணு மீட்டருனு வச்சிக்கலாமா?"

எனக்குக் கோபம் வந்தது. "என் பொண்ணு எஸ்தர். நான் கிட்டப் போறதுக்கு எவன் கிட்ட கேக்கணும்?"

"செரி சார். ஒன்னரை" என்றார்.

மூன்று ஞாயிற்றுக்கிழமை, கோயில் முடிந்து வந்து வீட்டில் வாஷர் வெட்டியிருக்கிறார். திங்கட்கிழமை காலையில் அறையின் மைக்ரோமீட்டரில் தடிமனை அளப்பார், போதாது என்று போட்டுவிட்டு அடுத்த ஞாயிறு மறுபடி வெட்டுவார். மூன்றாவது திங்கட்கிழமை லென்ஸைக் கொடுத்தார். பெட்டிக்குள் தன் கையெழுத்தில் ஒரு துண்டுச்சீட்டு. எந்தக் கருவியைத் திருப்பிக் கொடுத்தாலும் அது எந்த அளவுக்குள் மெய் என்று எழுதி வைப்பது அவர் வழக்கம். "1.5 மீ. மட்டும். 3 மீட்டருக்கு மேல் எடுக்க வேண்டாம்."

திருவள்ளூரில் மண்டபம். நான் போனேன். கேமரா கழுத்தில் இருந்தது. மேடையில் பெரிய மைத்துனர் என்னைப் பார்த்தார், வேறு பக்கம் திரும்பி யாரையோ கூப்பிட்டார். என்னை யாரும் தடுக்கவில்லை. இதை எழுதுவதுதான் எனக்குச் சிரமமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். மேடைக்கு ஏற நாலு படிகள் இருந்தன. யாரும் தடுக்கவில்லை. நான் ஏறவில்லை. நாலாவது வரிசை நாற்காலிகளுக்குப் பின்னால் ஒரு தூண் ஓரமாக நின்று முப்பத்தாறு படமும் எடுத்து முடித்தேன். ஆறு மீட்டர் இருக்கும். ஜன்னலில் இரண்டு நிவேதாக்கள் நகர்ந்து நகர்ந்து ஒன்றானார்கள். ஒவ்வொரு தடவையும் ஒன்றானார்கள். நான் நம்பிவிட்டேன். துண்டுச்சீட்டு எனக்கு நினைவிருந்தது. அவ்வளவு பெரிய தப்பு வராது என்று மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டேன். முதுகலைக் கணக்கு. சாப்பிடாமல் வண்டி ஏறிவிட்டேன்.

ஃபிலிம் கழுவி வந்தது. மகளுக்கு அரை மீட்டர் முன்னால் இருந்ததெல்லாம் அற்புதமாக விழுந்திருந்தது. குத்துவிளக்கின் திரி, வீடியோக்காரரின் சட்டைக் காலர், ஒரு சின்ன மாமனின் பிடரி. அந்தப் பிடரியில் வியர்வைத் துளியை எண்ணலாம். நிவேதாவின் முகம் முப்பத்தாறு படத்திலும் பஞ்சுபோல் இருந்தது.

அவள் ஃபோனில் கேட்டாள். லென்ஸைச் சரிசெய்தவர் கெடுத்துவிட்டார் என்றேன். "பரவாயில்லப்பா" என்றாள். பிறகு, "நீங்க மேடைக்கு வரலையே. நான் பாத்துட்டே இருந்தேன்" என்றாள்.

அந்த ஃபோனை வைத்த கையோடு நம் பக்கத்தில் அந்தப் பதிவைப் போட்டேன். உங்களுக்கு நினைவிருக்கும், ஏனென்றால் அதற்குத்தான் நான் எழுதிய எதற்கும் வராத அளவு பதில்கள் வந்தன. பெயர், பதவி, படிப்பு எல்லாம் போட்டு எழுதினேன். மங்கலான படங்கள் இரண்டை இணைத்தேன். டிப்ளமா படித்தவர்கள் ஒளியியலில் கைவைத்தால் இப்படித்தான் என்று ஒரு வரி இருந்தது. எத்தனை மீட்டரில் நின்றேன் என்பது இல்லை. துண்டுச்சீட்டும் இல்லை. எஸ்தரும் குழுவில் இருந்தார், அதைப் படித்தார். ஒன்றும் எழுதவில்லை. கோபி சிரிக்கும் முகங்கள் மூன்று போட்டு, "இனிமே நம்ம லென்ஸை எல்லாம் பத்திரமா வெச்சுக்கணும்" என்றார். எஸ்தரிடம் சரிபார்க்க லென்ஸ் கொடுத்திருந்த நாலு பேர் அந்த வாரமே போய்த் திருப்பி வாங்கிக்கொண்டீர்கள். யார் யார் என்று எனக்குத் தெரியும். உங்கள்மேல் வருத்தம் கொள்ள எனக்குத் தகுதி இல்லை. ஆனாலும் வருத்தம் இருக்கிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் மேசைமேல் ஒரு ஸ்கேலைச் சாய்த்து வைத்து, நாடாவால் ஒன்றரை மீட்டர் அளந்து, கேமராவின் பின்மூடியைத் திறந்து, ஃபிலிம் ஓடும் இடத்தில் சொரசொரப்பான கண்ணாடித் துண்டை வைத்துப் பூதக்கண்ணாடியால் பார்த்தேன். ஸ்கேலில் நான் குறி வைத்த கோடு எதுவோ அதுவே தெளிவாக விழுந்தது. முன்கோடும் இல்லை, பின்கோடும் இல்லை. மூன்று தடவை பார்த்தேன். அந்த வேலையில் மயிரிழை பிசகு இல்லை. ஆக, எனக்குத் தெரியும். பதிவு போட்டு ஐந்தாம் நாளிலிருந்தே தெரியும்.

மறுநாள் சாயங்காலம் கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் மேம்பாலத்தில் எஸ்தர் நின்றிருந்தார். அவருக்கு ஆரம்பாக்கம் பக்கம் வண்டி, எனக்குப் பொன்னேரி பக்கம். சண்டைக்கு நிற்கிறார் என்று நினைத்தேன். தயாராகத்தான் போனேன்.

"சார், ஒன்னே ஒன்னு. ஊட்டுல வச்சி அளந்து பாத்தீங்களா? ஒன்னரை மீட்டருல?"

"இல்லை."

"பாருங்க சார். கோவத்துல கேக்கல. அங்கயும் தப்பா இருந்துச்சுன்னா என் மைக்ரோமீட்டரு தப்புனு அர்த்தம். அத வச்சி நான் எத்தினியோ சாமானுக்குக் கையெழுத்து போட்டுக்கினு இருக்கேன்."

"எல்லா தூரத்துலயும் தப்பாத்தான் இருக்கு" என்றேன்.

அவர் முகம் மாறியது. அவமானம் இல்லை அது, பயம். "எவ்ளோ சார் தப்பு? முன்னாலயா, பின்னாலயா?" என்று கேட்டார். என் வண்டி வருகிறது என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன். வண்டி வரவில்லை. பிளாட்பாரத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

இதற்குமேல் நடந்தது உங்கள் யாருக்கும் தெரியாது, எங்கள் தொழிற்சாலைக்குள் நடந்தது. அளவுக்கருவி வேலையில் ஒரு முறை உண்டு. தன் கருவிமேல் சந்தேகம் வந்தால், கடைசியாக அது சரி என்று நிரூபணமான நாளுக்குப் பிறகு அதை வைத்துக் கையெழுத்துப் போட்ட எல்லாவற்றையும் திரும்பக் கூப்பிட வேண்டும். எழுத்தில் இருக்கிற முறை. யாரும் செய்வதில்லை, சத்தம் போடாமல் ஒரு தடவை பார்த்துவிட்டு விட்டுவிடுவார்கள். எஸ்தர் செய்தார். தன்மேலேயே புகார் எழுதிக் கொடுத்தார். ஷாப்பில் இருந்த கேஜ்கள் வரிசையாக அந்தச் சின்ன அறைக்குத் திரும்பி வந்தன. ஒவ்வொன்றையும் ஒரு மணி நேரம் ஆறவைத்து, வெளியிலிருந்து வரவழைத்த கருவியால் மறுபடி அளந்தார். இரண்டு ஷிப்ட் வேலை தடுமாறியது. அந்தக் கடிதத்தின் ஒரு நகல் தரக்கட்டுப்பாட்டுக்கு, என் மேசைக்கு வந்தது. 'பெற்றுக்கொண்டேன்' என்று கையெழுத்துப் போட்டேன். எல்லாம் தெரிந்த கை அது. நிற்காமல் போட்டது.

எல்லா கேஜும் சரியாக இருந்தன. மைக்ரோமீட்டரும் சரியாக இருந்தது. அதற்காக அவரை யாரும் பாராட்டவில்லை. வேலையைக் கெடுத்ததற்கு மேலதிகாரி எல்லார் எதிரிலும் கேட்டார்: "உங்களுக்கே உங்கமேல நம்பிக்கை இல்லைன்னா நாங்க எப்படிம்மா நம்புறது?" கையெழுத்துப் போடும் பொறுப்பை வேறொருவருக்கு மாற்றினார்கள். அதன் பிறகு எஸ்தர் அதே அறையில் கருவிகளைத் துடைத்து ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தார். இரண்டு வருடம். என்னிடம் வந்து மறுபடி கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா என்று பலமுறை யோசித்திருக்கிறேன். சொல்லியிருக்க மாட்டேன். சொன்னால் நாலு படிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஆரம்பாக்கத்தில் வீட்டு வாசலில் ஷாமியானா போட்டிருந்தார்கள். அவர் கணவர் மோசஸ் உருக்காலையில் கிரேன் ஓட்டுபவர். பெரிய உடம்பு, மெல்லிய குரல். ஓரமாக நின்றிருந்த என்னைக் கண்டதும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். தெரிந்துதான் வருகிறார், அடிக்கட்டும் என்று நின்றேன்.

"வாங்க சார். கிட்ட வந்து பாருங்க" என்று என் கையைப் பிடித்துக் கூட்டிப் போனார். சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டுக் கேட்டார்: "அந்த லென்சு நல்லா இருக்குதா சார்?"

பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"மூணு ஞாயித்துக்கெயமை சார். எங்களுக்கு நாஷ்டாகூட பண்ணல. கத்திரிய வச்சிக்கினு உக்காந்துக்கினு இருப்பா. பேஜாரு புடிச்ச வேலடி, வுட்டுடேன்னு சொன்னேன். சாரு அவரு பொண்ணு பக்கத்துல நின்னு எடுக்கப் போறாரு, தப்பாயிடக் கூடாதுன்னா. படம் நல்லா வந்துச்சா?"

அவரிடம் எஸ்தர் ஒன்றுமே சொல்லியிருக்கவில்லை. என் பதிவை, மேம்பாலத்தை, ஸ்டிக்கர் ஒட்டுவதை, எதையும். இரண்டு வருடமாக அந்த வீட்டில் நான் மகளின் பக்கத்தில் நின்று நல்ல படம் எடுத்த மனிதனாக இருந்திருக்கிறேன்.

"நல்லா வந்துது" என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே பெட்டியில் இருந்த முகத்தைப் பார்த்து, "கேட்டியாடி, நல்லா வந்துதாம்" என்றார்.

இதுதான் நடந்தது. மோசஸ் இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர் இல்லை. அவரிடம் நேரில்தான் சொல்ல வேண்டும். எப்போது என்று இங்கே எழுத மாட்டேன். எழுதினால் செய்துவிட்டது மாதிரி ஒரு நிம்மதி வந்துவிடும், அந்த நிம்மதி எனக்கு வேண்டாம். எங்கள் மேலதிகாரிக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதி இன்று காலை கொடுத்துவிட்டேன். அதில் கையெழுத்து இருக்கிறது. எஸ்தரின் பணிப்பதிவேட்டில் அதைச் சேர்க்கச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். இறந்தவரின் பதிவேட்டில் எதற்கு என்று கேட்டார். சேர்க்கும் வரை வருவேன் என்று சொல்லியிருக்கிறேன். பிடிவாதத்தில் நான் எப்படி என்று அவருக்குத் தெரியும்.

அவரிடமிருந்து என்னிடம் இருப்பவை குறைவு. லென்ஸ் இருக்கிறது. அதை விற்க மாட்டேன். திறந்து வாஷரை மாற்ற மாட்டேன். என்ன விலைக்குக் கேட்டாலும் கோபிக்குத் தர மாட்டேன். வெள்ளைத்தாளில் அவர் போட்ட படம் இருக்கிறது, ஒரு மூலையில் சாம்பார் பட்டது. பிறகு, நான் எதையாவது சொல்லும்போது முழுவதையும் கேட்டுவிட்டு "கரெக்ட்டு சார்" என்று சொல்லி, ஆனாலும் தான் செய்வதையே செய்துகொண்டிருந்த அந்தக் குரல் இருக்கிறது. அதற்கு நான் பதில் சொல்லப் பழகவில்லை. கேட்டுக்கொண்டிருக்கப் பழகுகிறேன்.

இதை எழுதியது யார் என்று மூன்றாவது பத்திக்குள் உங்கள் எல்லாருக்கும் தெரிந்திருக்கும். மறைத்துக்கொள்ள எனக்கு எதுவும் மிச்சமில்லை. ஆனாலும் பெயர் போடாமல்தான் இடப்போகிறேன். போன வருடம் பெயரில்லாத ஒரு பதிவுக்குக் கீழே நான் சண்டை பிடித்ததால்தான் கோபி ஒரு விதி கொண்டுவந்தார்: பெயரில்லாத பதிவுக்குக் கீழே யாரும் பதில் எழுத முடியாது. அது எனக்கு இப்போது வேண்டும். உங்களை எனக்குத் தெரியும். பெயர் போட்டால் பத்து நிமிடத்தில் ஒருவர் "இதை ஒப்புக்கொள்ள பெரிய மனசு வேணும் சார்" என்று எழுதுவார். அடுத்தவர் அதற்கு ஒரு இதயம் போடுவார். சாயங்காலத்துக்குள் இது என்னைப் பற்றிய பக்கமாகிவிடும். நானும் ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.